கடற்பாசியும் திறன் தகுதியும்

பாம்பன் சின்னப்பாலம் முதலிய கரையோரச் சிற்றூர்களில் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கின்றனர். விரல்களில் துணி சுற்றிப் பாறைகளிடையே இறங்கும் இவர்கள், அகர் தரும் மரிக்கொழுந்தையும் கஞ்சிப்பாசியையும், ஆல்ஜினேட் தரும் கட்டக்கோரையையும் நீருக்குள்ளேயே பிரித்தறிவர். பற்றியிருக்கும் அடியை விட்டு எடுத்தால்தான் பாசி மீண்டும் தழைக்கும் என்பதும் அவர்கள் அறிந்ததே. தாயிடம் மகள் கற்ற இக்கல்விக்குச் சான்றிதழ் ஏது?

2013 டிசம்பர் 27இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு, ஒருவர் எங்கே படித்தார் என்பதைவிட எதைச் செய்ய வல்லவர் என்பதையே முதன்மையாகக் கேட்கிறது. அது தகுதிகளைப் பத்து நிலைகளாக வகுத்தது. 2023இல் திருத்தப்பட்டபோது அவை எட்டாயின. பள்ளிக் கல்வியையும் தொழிற்கல்வியையும் ஒரே ஏணியில் இணைப்பது இதன் நோக்கம். முன்கற்றலை ஏற்கும் முறையில், வகுப்பறை காணாதவரும் மதிப்பீட்டுக்கு உட்பட்டுச் சான்றிதழ் பெறலாம்.

மண்டபம் பகுதியில் மூங்கில் தெப்பங்களில் காப்பாபைகஸ் என்னும் பாசி வளர்க்கப்படுகிறது; ஏறத்தாழ 45 நாளில் அறுவடைக்கு வரும். இத்தொழிலில் ஒரு பெண் கூலியாளாகவே நிற்பதும் பயிற்றுநராக உயர்வதும் அச்சான்றிதழைப் பொறுத்து அமையக்கூடும். ஆயினும் எழுத்துப் பழக்கம் குறைந்தவரை வினாத்தாளால் மட்டும் அளந்தால், கட்டமைப்பின் நோக்கமே பழுதாகும். நீரோட்டம் மாறும் வேளையை அவர் எவ்வாறு உணர்கிறார் என்பதை மதிப்பீட்டாளர் இடுப்பளவு நீரில் நின்றே காண வேண்டும்.