இறங்குதுறையில் ஒரு பாடம்

பதுளை ஓயாவை நாம் எல்லோரும் அறிவோம். அது துன்ஹிந்தையில் விழுந்து, மகாவலியில் கலந்து, கடைசியில் திருகோணமலைக்கு அருகே கொட்டியார் குடாவில் கடலைச் சேர்கிறது. தோட்டத்தில் பிறந்த நமக்குத் தண்ணீர் என்றால் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவது. ஓடிய தண்ணீர் திரும்பி வந்து நாம் கண்டதில்லை.

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வடக்கு, கிழக்குப் பகுதிகளுக்குச் சென்ற குடும்பங்கள் பல. அங்கே களப்பின் ஒரு கரையில் வீடும் மறுகரையில் வயலோ பாடசாலையோ இருக்கலாம். அப்படிப்பட்ட ஊரில் புதிதாக ஓர் இறங்குதுறை அமைந்தால் எல்லோருக்கும் வசதிதான். ஆனால் அங்குள்ள தண்ணீரின் குணத்தையும் நாம் படித்துக்கொள்ள வேண்டும்.

அதே கொட்டியார் குடாவை ஒட்டிய கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். புதிய பாலம் கட்டும் வேலை நடந்ததால் மக்கள் படகுப் பாதையில் கடந்தார்கள். 2021 நவம்பர் 23 காலையில் அது கவிழ்ந்தது. பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். அவர்கள் ஆழ்கடலுக்குப் போனவர்கள் அல்லர். ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போனவர்கள்.

வற்றும் பெருக்கும்

சந்திரனும் சூரியனும் கடல்நீரை இழுப்பதால் அது ஒரு நாளில் இரண்டு தடவை பெருகி, இரண்டு தடவை வற்றுகிறது. ஒவ்வொரு நாளும் அந்த நேரம் சுமார் 50 நிமிடம் பிந்தும். அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி ஏற்ற இறக்கம் கூடும். நம் நாட்டுக் கரையில் அது சுமார் 2 அடிதான். ஆனாலும் அகன்ற களப்பின் நீர் முழுவதும் ஒடுங்கிய முகத்துவாரத்தின் வழியே போய்வருவதால் அங்கே நீரோட்டம் மிக வேகமாக இருக்கும். மாரியில் ஆற்று வெள்ளமும் சேர்ந்து வெளியே ஓடும்போது எதிரே வாடைக்காற்று வீசினால் அலை செங்குத்தாக எழும். அது சிறு தோணிக்கு ஆபத்தான நேரம்.

துறையில் நின்று தூணைப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு மேலே அகலமான ஈரப்பட்டை தெரிந்தால் தண்ணீர் வற்றுகிறது. ஓர் இலையைப் போட்டால் நீரோட்டம் எந்தப் பக்கம் என்று தெரியும். வற்று நேரத்தில் துறையின் சரிவில் பாசி வழுக்கும்; பிள்ளைகளைக் கையில் பிடித்து இறக்குங்கள்.

ஏறும்போது

1. உயிர்காப்பு அங்கியைக் கரையிலேயே கட்டுங்கள். பிள்ளைக்குப் பிள்ளையின் அளவு வேண்டும்.

2. ஒவ்வொருவராக, படகின் நடுவில் கால்வைத்து ஏறி உடனே அமருங்கள். மூட்டைகளைக் கீழே, நடுவில் வையுங்கள். பாரம் உயர்ந்தால் படகு எளிதில் சாயும்.

3. எதைப் பார்ப்பதற்கும் எல்லோரும் ஒரே பக்கம் எழும்பி ஓடாதீர்கள்.

4. கவிழ்ந்தால் படகையே பிடித்துக்கொள்ளுங்கள். நீரோட்டத்தை எதிர்த்து நீந்திக் களைக்காதீர்கள்.

5. கரையில் நிற்பவர் நீரில் குதிக்க வேண்டாம். கயிறு, நீண்ட கம்பு, மூடிய வெறும் பிளாஸ்டிக் கலன் இவற்றை எறிந்து உதவுங்கள்.

மறுக்கப் பழகுவோம்

லொறியில் ‘ஏறு’ என்றால் நெருக்கியடித்து ஏறிப் பழகியவர்கள் நாம். பிந்தினால் ஒரு நாள் பேர் போய்விடும் என்ற பயம் நமக்கு இருந்தது. அந்தப் பழக்கத்தைத் துறைக்குக் கொண்டுபோகக் கூடாது. படகின் விளிம்பு தண்ணீருக்குக் கிட்டத் தாழ்ந்திருந்தால், அடுத்த நடை வரும்வரை நில்லுங்கள். ஒருவர் தனியே மறுப்பது கஷ்டம். பத்துத் தாய்மார் சேர்ந்து மறுத்தால் படகுக்காரரும் கேட்பார்.

குழுவாகப் பேசுவதற்கு

1. நம் துறையில் படகு ஒரு நடையில் எத்தனை பேரை ஏற்றலாம்? அது எல்லோருக்கும் தெரியும்படி எழுதப்பட்டிருக்கிறதா?

2. கயிறும் மிதவையும் எங்கே வைக்கப்பட்டுள்ளன? அவற்றுக்குப் பொறுப்பு யார்?

3. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஊரில் யாரைக் கேட்கலாம்?