‘ராணுவமே எல்லாம் பார்த்துக்கொள்ளும்’ என்பது எவ்வளவு தூரம் உண்மை?

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்று இன்னொரு பெயர் உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்பிவரும் ஊர் அது. அப்படிப்பட்ட ஊர்களில் மட்டுமன்றி, ஒரே ஒரு மிலிட்டரிக்காரர் இருக்கும் தெருவிலும் வேரூன்றிப்போன நம்பிக்கை ஒன்று இருக்கிறது: பையன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டால் வீட்டுக்கு இனிக் கவலையில்லை, நல்லது கெட்டது எதுவானாலும் ராணுவமே பார்த்துக்கொள்ளும். இதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஓய்வூதியம், குடும்ப ஓய்வூதியம், மருத்துவம், குழுக் காப்பீடு, கேன்டீன் என இவ்வளவும் சேர்ந்து கிடைக்கும் வேலைகள் நாட்டில் குறைவு. ஆனால் ராணுவம் பார்த்துக்கொள்வது தன் பதிவேட்டில் இருக்கும் குடும்பத்தை. வீட்டில் இருக்கும் குடும்பமும் பதிவேட்டில் இருக்கும் குடும்பமும் ஒன்றாக இருக்கும்வரை இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. இரண்டும் விலகியிருந்தால், அதைச் சரிசெய்யும் அலைச்சல் பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில் வந்து விழும். பட்டாளத்து வீடுகளில் உலவும் தவறான நம்பிக்கைகளில் பலவும் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவைதான்.

கல்யாணம் ஆனது யூனிட்டுக்குத் தெரியும், கூட வேலை பார்ப்பவர்கள் ரிசப்ஷனுக்கே வந்தார்களே என்பார்கள். யூனிட்டுக்குத் தெரிவது வேறு, ரெக்கார்ட்ஸுக்குத் தெரிவது வேறு. திருமணம், குழந்தை பிறப்பு, மணமுறிவு, இறப்பு என ஒவ்வொன்றும் சான்றிதழோடு அறிவிக்கப்பட்டு, ‘பார்ட் டூ ஆர்டர்’ வெளியாகி, அந்தந்தப் பிரிவின் பதிவு அலுவலகத்தில் ஏற வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரருக்கு அது நீலகிரி வெல்லிங்டனில் இருக்கிறது. பீரங்கிப் படைக்காரருக்கு நாசிக் ரோட்டில், சிக்னல்ஸ்காரருக்கு ஜபல்பூரில். நம் பெயர்களுக்கும் இந்தப் பதிவேடுகளுக்கும் தொடக்கத்திலிருந்தே ஒத்துப்போவதில்லை. குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் நம் இனிஷியல் திண்டாடும். அப்பா பெயர் ஓரிடத்தில் முன்னால் ஒட்டிக்கொள்ளும், இன்னோரிடத்தில் பின்னால். கல்யாணப் பத்திரிகையில் தமிழ்ச்செல்வி, ஆதாரில் செல்வி. லட்சுமி என்ற பெயரை வடக்கத்திக் கிளார்க் ‘எக்ஸ்’ போட்டு ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். பள்ளிச் சான்றிதழில் ‘கே, எஸ், எச்’ இருக்கும். வங்கிப் புத்தகத்தில் நடுவே ஒரு ‘டி’ நுழைந்திருக்கும். ஊருக்கு மூன்றும் ஒரே லட்சுமி, கணினிக்கு மூன்று பேர். கணவர் பணியில் இருக்கும்போது இதைத் திருத்துவது சின்ன வேலை. அவர் இல்லாமல் போன பிறகு பிரமாணப் பத்திரம், சான்றொப்பம், மறுபடி ஒரு கடிதம் என்று அது மாதக்கணக்கில் இழுக்கும்.

அடுத்தது பென்ஷன். அவருக்கு ஏதாவது ஆனால் மனைவிக்குப் பென்ஷன் தானாக வந்துவிடும் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. குடும்ப ஓய்வூதியத்தில் முதல் இடம் கணவனை இழந்த மனைவிக்கு. யாரையும் நாமினியாக எழுதி அதை மாற்ற முடியாது. ஆனால் எவ்வளவு கிடைக்கும் என்பது தானாக முடிவாவதில்லை. பணியோடு தொடர்பில்லாத காரணத்தால் இறந்தால் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம், கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம். பணியில் இருக்கும்போதே இறந்திருந்தால் முதல் 10 ஆண்டுகளுக்கு 50 சதவீதம். பணியின் காரணமாக இறந்தால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், 60 சதவீதம். போரிலோ தீவிரவாதிகளுடனான மோதலிலோ இறந்தால் அதற்கென்றே உள்ள தாராளக் குடும்ப ஓய்வூதியம், 100 சதவீதம். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் மத்திய அரசு தரும் கருணைத்தொகையும் இதேபோல 25 லட்சத்திலிருந்து 45 லட்சம் ரூபாய்வரை வேறுபடுகிறது. எந்த வகை என்பதை விசாரணை அறிக்கையும் மருத்துவ ஆவணங்களும்தான் தீர்மானிக்கின்றன. ஆகவே அந்தக் காகிதங்களின் நகலைக் கேட்டு வாங்குவது குடும்பத்தின் வேலை. முடிவு தவறென்று பட்டால் மேல்முறையீடு உண்டு. அதற்கும் பிறகு 2009 முதல் இயங்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, அதன் அமர்வு ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. துக்கத்தில் இருக்கும் வீட்டில் யாரும் நகல் கேட்க மாட்டார்கள் என்பது இயல்புதான். அதனால்தான் விவரம் தெரிந்த சொந்தக்காரர் ஒருவர் அந்த நேரத்தில் கூட இருப்பது நல்லது.

இவற்றையெல்லாம்விடப் பிடிவாதமான நம்பிக்கை நாமினி பற்றியது. நாமினியாக யார் பெயர் இருக்கிறதோ பணம் அவருக்கே சொந்தம் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். ஆயுள் காப்பீடு தொடர்பான சர்பதி தேவி வழக்கில் 1983-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை, அவ்வளவே, அது சேர வேண்டியது வாரிசுகளுக்கு. 2015-இல் காப்பீட்டுச் சட்டம் திருத்தப்பட்டு, பெற்றோர், மனைவி அல்லது கணவன், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் காப்பீட்டுத் தொகையின் பலன் அவர்களுக்கே என்ற ஏற்பாடு வந்தது. வங்கிக் கணக்குக்கு அது பொருந்தாது. ஆக ஒரே மனிதரின் பணம் ஓரிடத்தில் ஒரு விதிப்படியும் இன்னோரிடத்தில் வேறு விதிப்படியும் போகும். பட்டாளத்தில் இந்தச் சிக்கல் கூடுதலாக உண்டு. பத்தொன்பது வயதில் சேரும் பையன் எல்லாப் படிவத்திலும் அம்மா பெயரை எழுதுகிறான். ஏழெட்டு ஆண்டில் கல்யாணம், பிறகு குழந்தைகள். படிவம் மட்டும் அப்படியே இருக்கிறது. குழுக் காப்பீடு, சேமநலநிதி, வங்கி என்று ஒவ்வொன்றிலும் யார் பெயர் இருக்கிறது என்பது அவருக்கே நினைவிருக்காது. அந்த வீட்டில் எல்லோருக்கும் வைத்த இடம் தெரிந்த ஒரே ஆவணம் கேன்டீன் கார்டாகத்தான் இருக்கும்.

இங்கே பெற்றோர் தரப்பிலிருந்து ஒரு நியாயமான கேள்வி எழுகிறது: வளர்த்து ஆளாக்கியவர்கள் நாங்கள், கல்யாணமாகி ஓராண்டு ஆனதும் எல்லாம் மருமகளுக்கா? 2024-இல் கீர்த்தி சக்ரா பெற்ற ஓர் அதிகாரியின் பெற்றோர் இதைப் பகிரங்கமாகவே கேட்டார்கள். நெருங்கிய உறவினர் யார் என்று வரையறுக்கும் விதியையே மாற்ற வேண்டும் என்றார்கள். அப்போது ராணுவத் தரப்பிலிருந்து வெளிவந்த விவரம் கவனிக்க வேண்டியது. குழுக் காப்பீட்டுத் தொகை மனைவிக்கும் பெற்றோருக்குமாகப் பிரித்துத் தரப்பட்டிருந்தது. ஓய்வூதியம் மட்டுமே மனைவிக்குப் போனது. காரணம், எந்தப் பணத்தைப் பிரித்து எழுதும் உரிமை வீரருக்கு இருக்கிறதோ அது அவர் எழுதியபடி நடந்தது. எதில் விதியே முடிவுசெய்கிறதோ அதில் விதி நடந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. மனைவி, மகன், மகளோடு சேர்ந்து தாயும் முதல் வகுப்பு வாரிசு. தந்தையோ இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும், உயில் இல்லாத பட்சத்தில் தந்தைக்கு ஒன்றும் வராது. மகன் அப்பாவுக்கு ஏதாவது செய்ய நினைத்தால் அதை எழுதித்தான் வைக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்ட உயில் போதும், பதிவுசெய்வது கட்டாயமில்லை. மாமியார் மருமகள் சண்டை என்று ஊர் பேசும் பல வழக்குகளின் வேர், ஒரு மனிதர் உயிரோடு இருந்தபோது எழுதாமல் விட்ட ஒரு பக்கத்தில் இருக்கிறது.

‘ராணுவமே பார்த்துக்கொள்ளும்’ என்பதற்கு நேர் எதிரான நம்பிக்கையும் உண்டு. மிலிட்டரிக்காரர் சம்பளத்தில் யாரும் கைவைக்க முடியாது, அவர் பணம் அனுப்பாவிட்டால் மனைவி கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான் என்பார்கள். 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 28-ஆவது பிரிவின்படி, சிவில் நீதிமன்ற ஆணையைக் கொண்டு வீரரின் சம்பளத்தை ஜப்தி செய்ய முடியாது என்பது உண்மை. அதே சட்டத்தின் 90, 91 பிரிவுகளை யாரும் சொல்வதில்லை. மனைவி, குழந்தைகளின் பராமரிப்புக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்ய அதிகாரம் தருபவை அவை. ராணுவம் பின்பற்றும் வரம்பு மனைவிக்கு 22 சதவீதம், குழந்தைகளையும் சேர்த்து 33 சதவீதம். மனைவி செய்ய வேண்டியது கமாண்டிங் ஆபீசருக்குத் திருமணச் சான்று, குழந்தைகளின் பிறப்புச் சான்றுகளுடன் மனு எழுதுவது. கணவருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போகும், பிறகு மேலதிகாரி முடிவெடுப்பார். குடும்ப நீதிமன்றத்தின் கதவும் திறந்தேதான் இருக்கிறது. இங்கும் முதல் கேள்வி பதிவேட்டில் இவர் மனைவியா என்பதுதான்.

மருத்துவத்தில் இரண்டு திட்டங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். பணியில் இருப்பவரின் குடும்பத்துக்கு ராணுவ மருத்துவமனை. 2003-இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். ஓய்வுபெற்றவர்களுக்கு. அந்தக் கார்டைக் காட்டினால் எந்த ஆஸ்பத்திரியிலும் சேரலாம் என்பதும் சரியில்லை. பாலிகிளினிக் பரிந்துரைத்து, பட்டியலில் உள்ள மருத்துவமனைக்குப் போவதே முறை. உயிருக்கு ஆபத்தென்றால் எங்கு வேண்டுமானாலும் சேர்க்கலாம்; ஆனால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும். அதைத் தவறவிட்டால் பில் தொகையைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. பெற்றோரைச் சேர்க்க அவர்களின் மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த வரம்புக்குள் இருக்க வேண்டும். பெற்ற தாய் என்பதாலேயே இடம் கிடைத்துவிடாது.

இப்படியெல்லாம் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். எல்லையில் நிற்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு உயில், நாமினி என்று பேசுவது அபசகுனம் என்பார்கள். அந்த அச்சம் கேலிக்குரியது அன்று. ஆனால் மேலே சொன்ன காகிதங்களில் சாவுக்கென்றே உள்ளவை ஒன்றிரண்டுதான். பிரசவத்துக்கு ராணுவ மருத்துவமனையில் சேர்வதற்கும், பிள்ளையை ராணுவப் பள்ளியில் சேர்ப்பதற்கும், குடியிருப்பு கேட்பதற்கும் அதே பார்ட் டூ ஆர்டர்தான் வேண்டியிருக்கிறது. கல்யாணத்துக்கு ஜாதகம் எடுத்துவைக்கிற அலமாரியிலேயே இவற்றுக்கும் இடம் ஒதுக்கினால் சகுனப் பிரச்சினை எழாது. இன்னொரு மறுப்பு வலுவானது: பதிவேட்டைச் சரியாக வைத்திருப்பது ராணுவத்தின் பொறுப்பு, அதை ஏன் கிராமத்துப் பெண்ணின் தலையில் கட்ட வேண்டும்? பெயரைத் தப்பாக எழுதியது கிளார்க் என்றால் திருத்த அலைய வேண்டியவரும் அவராகவே இருக்க வேண்டும். இதில் குடும்பத்தார் பக்கமே நியாயம் இருக்கிறது. ஆனால் சொல்லப்படாத திருமணத்தையோ மாற்றப்படாத நாமினியையோ எந்த அலுவலகமும் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. ஜவானுக்கு ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. அதில் ஒரு சாயங்காலம் கணவனும் மனைவியும் ஆதார், வங்கிப் புத்தகம், பார்ட் டூ ஆர்டர் நகல் மூன்றையும் அருகருகே வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால், பின்னால் வரும் தொல்லையில் பெரும்பகுதி குறையும். நிலத்தகராறு இருந்தால் அதே விடுப்பில் வழக்கறிஞரிடமும் சொல்லிவைக்கலாம். போர்ச் சூழலிலோ அறிவிக்கப்பட்ட சிறப்புச் சூழலிலோ பணியாற்றும் வீரரின் வழக்கை அவர் இல்லாமலே நடத்திவிடக் கூடாது என்பதற்கு 1925-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது; மாவட்ட ஆட்சியரோ வழக்கறிஞரோ அதை நீதிமன்றத்துக்குத் தெரிவித்தால்தான் பலன்.

ஓய்வுபெற்றவர் வீட்டில் கவனிக்க வேண்டியது ஸ்பர்ஷ். பிரயாக்ராஜிலிருந்து நடக்கும் இந்த இணைய ஏற்பாட்டில்தான் இப்போது ஓய்வூதியம் வருகிறது. ஆண்டுதோறும் உயிர்வாழ்வுச் சான்று தராவிட்டால் பணம் நின்றுவிடும்; கைப்பேசியில் முகத்தைக் காட்டியே அதைக் கொடுக்கலாம். மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.வில் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று கணவர் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். ஓய்வூதியம் மனைவியோடு சேர்ந்த கூட்டுக் கணக்கில் வந்தால் பின்னால் புதுக் கணக்குத் திறக்கும் வேலை மிச்சம். உதவிக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. ஊர் இ-சேவை மையத்தில் கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டு வருவது மட்டும் வேண்டாம்.

2022-க்குப் பிறகு அக்னிவீரராகப் பிள்ளையை அனுப்பிய வீடுகளுக்கு இதில் பாதி பொருந்தாது. அதை அந்த வீடுகளே இன்னும் முழுதாக உணரவில்லை. நான்கு ஆண்டுப் பணி. முடிவில் நான்கில் ஒரு பங்கினரை மட்டுமே நிரந்தரமாக எடுப்பதாக அறிவிப்பு. மற்றவர்களுக்குச் சேவா நிதியாக வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ரூபாய், ஓய்வூதியம் கிடையாது. ஆகவே குடும்ப ஓய்வூதிய விதி என்ற காவலும் இங்கே இல்லை. பணிக்காலத்தில் இருப்பது 48 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு. பணி முடியும் நாளில் அதுவும் முடியும். 2022 கடைசியில் சேர்ந்த முதல் அணிக்கு 2026 கடைசியில் அந்த நாள் வருகிறது. கையில் வரும் சேவா நிதியில் வண்டி வாங்குவதா, வீட்டுக் கடனைக் கட்டுவதா என்று யோசிக்கும் குடும்பம், அதற்கு முன்பே பையன் பெயரில் ஒரு டெர்ம் பாலிசியும் மருத்துவக் காப்பீடும் எடுத்துவிடுவது நல்லது; இருபத்தைந்து வயதுக்குள் எடுத்தால் பிரீமியம் குறைவாகவே இருக்கும்.