கோரையும் பார்த்தீனியமும்

இல்லத்தில் சிறு தோட்டம் வளர்க்கும் அன்பர்கள் களையைக் குறித்து அடிக்கடி வினவுகின்றனர். களைகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. சில விதையினால் பரவும். சில மண்ணினுள் கிழங்கினால் பெருகும். இதனை அறியாது எல்லாவற்றையும் ஒரே விதமாகப் பிடுங்கினால் உழைப்பு வீணாகும்.

பெங்களூரில் எம் இல்லத்தின் பின்புறம் கத்தரி நட்ட பாத்தியில் கோரை தோன்றிற்று. வாரந்தோறும் பிடுங்கினோம். தழை மட்டுமே கையோடு வந்தது. மாதம் ஒன்று கழிவதற்குள் முன்னிலும் அடர்ந்து முளைத்தது; கத்தரிச் செடிகள் வெளிறி நின்றன. தோண்டிப் பார்த்த பின்னரே காரணம் விளங்கிற்று.

கோரையின் அடியில் சிறு கிழங்குகள், சரட்டில் கோத்த மணிகளைப் போல், மெல்லிய தண்டுகளால் தொடர்புற்றுக் கிடக்கின்றன. தொடர்பு அறாதவரை அவற்றுட் பல உறங்கிக் கிடக்கும். அறுந்ததும் உறங்கியவையும் முளைக்கத் தொடங்கும். ஆதலின் மண்வெட்டியால் கொத்தித் துண்டாக்கி மண்ணிலேயே விடுவோர் களை எடுப்பவர் அல்லர். கோரையை நடவு செய்பவரே!

கோடையில் பாத்தி வெறுமையாக இருக்கும்போது ஒரு சாண் ஆழத்திற்கு மண்ணைக் கிளறி, கிழங்குகளைச் சரட்டோடு பொறுக்கிக் கடும் வெயிலில் நன்றாக உலர்த்த வேண்டும். பச்சையாக எருக்குழியில் இடலாகாது. எஞ்சியவை முளைத்தால், புதுக் கிழங்கு கட்டுமுன், மூன்று வாரத்திற்குள் அடியோடு கிண்டி எடுக்க வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பால் பயனில்லை. கூரிய முளை அதனைத் துளைத்துக்கொண்டு வரும். ஆனால் கோரை நிழலைப் பொறாது. காராமணியை நெருக்கமாக விதைத்தபின் எம் பாத்தியில் அது பெரிதும் மெலிந்தது. இதே கிழங்கு நாட்டு மருந்துக் கடையில் விலைக்கு விற்கப்படுவதைக் கேட்டு எம் வீட்டார் நகைத்தனர்.

பார்த்தீனியமோ விதையினால் பரவுவது. ஒரு செடியே பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். எனவே பூக்குமுன், ஈர மண்ணில், வேரோடு பிடுங்குதல் போதும். தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் உண்டாகுமாதலால் கையுறை அவசியம். மழைக்காலத்தில் அதன் இலையைத் தின்னும் சிறு வண்டுகளைக் கண்டால் விட்டுவிடுக. அவை மெக்சிகோ நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, 1984-ஆம் ஆண்டில் இக்களையை அடக்குதற்கென்றே விடப்பட்டவை.

பாத்தியோரத்தில் தானே முளைக்கும் பருப்புக்கீரையை மட்டும் பிடுங்கிய கையோடு அடுக்களைக்கு அனுப்பலாம்.