விலை உயர்ந்த கருவி ஏன் கத்திக்கொண்டே இருக்கிறது?

கடந்த பள்ளி விடுமுறையில் என் முன்னாள் மாணவர் ஒருவர் நீளமான பெட்டியுடன் வீட்டுக்கு வந்தார். உள்ளே புத்தம் புதிய உலோகம் கண்டறியும் கருவி. ஓராண்டு ஓவர்டைம் செய்து சேர்த்த பணத்தில், ஐயாயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கியிருக்கிறார். போர்ட்டிக்சன் கடற்கரையில் மூன்று மணி நேரம் நடந்தும் ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை. "சார், இது சும்மா கத்திக்கிட்டே இருக்கு. கெட்டுப்போன சாமானைத் தலையில கட்டிட்டாங்க போல" என்றார்.

கருவி கெடவில்லை. அதன் உணர்திறனை உச்சத்தில் வைத்துக்கொண்டு, சட்டைப் பையில் கைப்பேசியுடன், அலை வந்து போகும் ஈர மணலில் நடந்திருக்கிறார். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். கைப்பேசி ஓயாமல் மின்காந்த அலைகளை அனுப்பும். கருவி இரண்டையும் கேட்டுக் கத்தியிருக்கிறது. தன் வேலையைத்தான் செய்திருக்கிறது.

இதன் அடிப்படை படிவம் 5 இயற்பியலில் வரும் மின்காந்தத் தூண்டல். கருவியின் அடியில் உள்ள வட்டத் தட்டுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் உள்ளன. ஒன்றில் நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் உண்டாகும் மாறும் காந்தப் புலம் மண்ணுக்குள் இறங்கி, அங்குள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்தச் சுழல் மின்னோட்டம் தனக்கென ஒரு சிறு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. இரண்டாவது சுருள் அதைப் பிடிக்கிறது.

இந்த எதிரொலி சற்றுத் தாமதமாக வரும். தடித்த வெள்ளிக் காசில் சுழல் மின்னோட்டம் எளிதில் ஓய்வதில்லை. மெல்லிய அலுமினியத் தாளில் சட்டென அடங்கிவிடும். இந்த வேறுபாட்டை அளந்துதான் கருவி திரையில் ஓர் எண்ணைக் காட்டுகிறது.

புதிதாக வாங்குவோர் தவறாகப் புரிந்துகொள்வது இந்த எண்ணைத்தான். அது உலோகத்தின் பெயர் அன்று. மின் கடத்துதிறன், பருமன், தடிப்பு, வடிவம், மண்ணுக்குள் பொருள் சாய்ந்திருக்கும் விதம் எல்லாம் கலந்த ஒரு கூட்டு விடை அது. தங்கம் நல்ல கடத்திதான். ஆனால் மெல்லிய தங்க மோதிரமும், குளிர்பான டின்னைத் திறக்க இழுக்கும் அலுமினிய வளையமும் பெரும்பாலும் ஒரே எண்ணைக் காட்டும். குப்பை வேண்டாமென்று அந்த எண்ணை அடைத்துவிட்டால் மோதிரத்தையும் சேர்த்து அடைத்துவிடுகிறோம்.

அப்படியானால் கூடுதல் பணம் எதற்கு? மலிவான கருவி ஒரே அலைவெண்ணில் இயங்கும். உயர்தரக் கருவிகள் பல அலைவெண்களை ஒரே நேரத்தில் பயன்படுத்துகின்றன. உயர் அலைவெண் மெல்லிய, சிறிய பொருள்களுக்கு நன்றாக எதிர்வினை காட்டும். குறைந்த அலைவெண் தடித்த காசுகளுக்குப் பொருந்தும். எல்லா விடைகளையும் ஒப்பிட்டு, உப்பு நீரின் எதிரொலி எது, உலோகத்தின் எதிரொலி எது என்று கருவி பிரித்துப் பார்க்கிறது. கடற்கரையில் இது பெரிய உதவி.

ஆழத்தை மட்டும் பணம் கொடுத்து வாங்க முடியாது. தட்டிலிருந்து விலக விலகக் காந்தப் புலம் ஏறக்குறைய தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. எதிரொலி திரும்பி வரும்போதும் அதே கதை. ஆக மொத்தம் ஆறாம் அடுக்கு. 15 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் காசு 30 சென்டிமீட்டருக்குப் போனால் எதிரொலி பாதியாகாது. ஏறத்தாழ 64-இல் ஒரு பங்காகிவிடும். விளம்பரத்தில் "ஆழம்" என்ற சொல்லைப் பார்க்கும்போது இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்.

பெரிய அறிவியலாளரும் இதே சிக்கலில் மாட்டியிருக்கிறார். 1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது, உடலுக்குள் தங்கிய குண்டைத் தேடத் தொலைபேசி புகழ் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் தூண்டல் கருவியுடன் வந்தார். போரில் குண்டடி பட்ட பழைய வீரர்களிடம் அதைச் சோதித்துப் பார்த்திருந்தார், வேலை செய்தது. அதிபரின் படுக்கையிலோ எங்கே வைத்தாலும் ஒலி. மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பிகள் இருந்தது பிறகுதான் தெரிந்தது. குண்டு கண்டுபிடிக்கப்படவில்லை. செப்டம்பர் 19-இல் அதிபர் காலமானார்.

மாணவரிடம் நான் சொன்னது இதுதான். முதலில் தொழிற்சாலை அமைப்புக்கே திரும்பி, கடற்கரைக்கான முறையைத் தேர்ந்தெடுங்கள். கைப்பேசியைக் காரில் வையுங்கள். தட்டைத் தரைக்கு மேல் அசையாமல் பிடித்து, கருவி அமைதியாகும் வரை உணர்திறனைக் குறையுங்கள். உணர்திறனைக் குறைத்தால் காசு தப்பிவிடும் என்று பயப்பட வேண்டாம். இரைச்சலுக்குள் புதைந்த ஒலியை எப்படியும் நம் காது பிடிக்காது. பிறகு நிலச் சமன் செய்யுங்கள். நம் செம்மண்ணில் இரும்புச் சேர்மங்கள் அதிகம் என்பதால் கடற்கரையில் செய்த சமன் தோட்டத்துக்குப் பொருந்தாது. தட்டைத் தரைக்கு இணையாக, மெதுவாக வீசுங்கள். ஊஞ்சல் போல இரு முனையிலும் தூக்கினால் ஆழம் வீணாகும்.

அடுத்தது வீட்டுப் பயிற்சி. பத்து சென், இருபது சென், ஆணி, தூண்டில் ஈயக்குண்டு, டின் வளையம், அம்மா சம்மதித்தால் ஒரு மோதிரம். மோதிரத்தை நூலில் கட்டிப் புதையுங்கள். தொலைந்தால் கருவியைவிட அம்மாவின் சத்தம்தான் அதிகமாகக் கேட்கும். 5, 10, 15 சென்டிமீட்டர் என ஆழத்தை மாற்றி, எண்ணையும் ஒலியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எல்லாத் திசையிலிருந்தும் எண் நிலையாக வருகிறதா, இல்லை தாவுகிறதா என்பதுதான் முக்கியம். நான்கைந்து மாலைகள் போதும், காது பழகிவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு கூடாது. 1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது முதல் இங்கு நடந்த போரின் வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. சிங்கப்பூரில் அப்பர் புக்கிட் தீமா சாலையருகே கிடைத்த 100 கிலோ குண்டை 2023 செப்டம்பரில், சுற்றிலும் உள்ளவர்களை வெளியேற்றிவிட்டு அங்கேயே வெடிக்கவைத்து அழித்தார்கள். குண்டின் உடல் இரும்பு என்பதால் கருவி "இரும்பு" என்று எச்சரிக்கும் என எண்ணாதீர்கள். பெரிய இரும்புப் பொருள் பல நேரம் நல்ல உலோகம் போலவே உயர்ந்த எண்ணைக் காட்டும். பழைய பீரங்கிக் குண்டுகளில் செம்புப் பட்டையும் உண்டு. கனமான, உருண்ட, துருப்பிடித்த ஏதாவது தெரிந்தால் தொடாமல் விலகிப் போலீசை அழையுங்கள்.

தோண்டும் முன் இடத்துக்குப் பொறுப்பானவரிடம் அனுமதி கேளுங்கள். பொதுக் கடற்கரை என்றால் நகராண்மைக் கழகத்திடம் விசாரியுங்கள். மலேசியாவில் பழம்பொருள் என்று கருதத்தக்க எதுவும் கிடைத்தால், 2005-ஆம் ஆண்டு தேசிய பாரம்பரியச் சட்டப்படி பாரம்பரிய ஆணையருக்கோ அந்த வட்டாரத்தின் மாவட்ட அதிகாரிக்கோ உடனே தெரிவிக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து மாணவரிடமிருந்து ஒரு படம் வந்தது. மேசை மேல் இரண்டு ஈயக்குண்டு, ஓர் இருபது சென், வரிசையாக டின் வளையங்கள். கீழே எழுதியிருந்தார்: "சார், இப்போ கத்தல. 13 காட்டினதை எல்லாம் தோண்டிட்டேன். பதினொண்ணும் வளையம். பன்னிரண்டாவதை ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்."