வடிகுழாய் அடைபட்டால்

மூளைநீர்த் தேக்கத்திற்கென வைக்கப்படும் ஷண்ட் என்னும் வடிகுழாய், மிகுதியான நீரைத் தோலுக்கடியில் வயிற்றுக்குள் இறக்குகிறது. கீழ்முனையில் நீர் சொட்டக் கண்ட பின்னரே மருத்துவர் அதனை வயிற்றினுள் செலுத்துவார். சொட்டாவிடில் அடைப்பைத் தேடுவார், வேண்டின் வால்வையே மாற்றுவார். வெளியே காத்திருப்போர் உணரும் தாமதத்திற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்னாளிலும் அடைப்பு நேரலாம். எழுத்தாளர் ரோல்டு டாலின் மகனுக்கு, 1960-இல் நேர்ந்த விபத்திற்குப் பின் வைத்த குழாய் அடிக்கடி அடைபட்டது. அத்துயரே தந்தையை ஒரு பொறியாளரோடும் மருத்துவரோடும் சேர்ந்து புதிய வால்வு ஒன்றை உருவாக்கச் செய்தது.

ஷண்ட் உள்ள குழந்தைக்குத் தலைவலி, வாந்தி, ஓயாத உறக்கம் கண்டால், கைக்குழந்தைக்கு உச்சிக்குழி புடைத்தால், செரிமானக் கோளாறென்று விடியும்வரை காத்திருத்தல் ஆகாது. செஞ்சியிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். பழைய அறுவைக் குறிப்புகளுடன் இரவிலேயே புறப்படுக.