உடைக்கும் முன் ஒரு நாள் பொறுங்கள்

கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படர்கிறது என்று போன் வந்ததும், உளியும் சுத்தியலுமாக மாடிக் குளியலறைக்குள் நுழைகிற பிளம்பரை அந்த வீட்டார் இன்னொரு முறை கூப்பிடமாட்டார்கள். உடைத்த டைல்ஸுக்கு ஜோடி கடையில் கிடைக்காது, கசிவும் பல நேரம் அந்த இடத்தில் இருக்காது. இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். குழாய் பூட்டத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கசிவு எங்கே என்று சொல்லத் தெரிந்தவர்களுக்குத்தான் தட்டுப்பாடு.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எப்போது சொட்டுகிறது?" நல்ல தண்ணீர் லைனில் எப்போதும் அழுத்தம் இருப்பதால் அது ராத்திரி பகல் பார்க்காமல் சொட்டும். வேஸ்ட் லைனாக இருந்தால், மேலே குளித்து முடித்த பிறகு சொட்டி, மெல்ல அடங்கும். பதில் குழப்பமாக வந்தால், ஒரு நாள் முழுக்க அந்தக் குளியலறையை யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கேட் வால்வு மட்டும் திறந்தே இருக்கட்டும். கான்கிரீட் குடித்த தண்ணீர் வடிய நேரம் பிடிக்கும், அதனால் அவசரப்பட்டு முடிவுக்கு வரக்கூடாது. மறுநாளும் சொட்டு குறையவில்லையா? வால்வை மூடிப் பாருங்கள். அதன்பின் அடங்கினால், சுவருக்குள் ஓடும் லைனில்தான் கோளாறு.

வால்வு திறந்திருந்தும் சொட்டு நின்றுவிட்டதா? ஒரு ஹோஸ் குழாயை நஹானி ட்ராப்புக்குள் நேராகச் செருகி, தரை நனையாமல் இரண்டு வாளி ஊற்றுங்கள். கீழே சொட்டினால் ட்ராப்போ அதன் ஜாயின்டோதான் காரணம். சொட்டவில்லையென்றால் ட்ராப்பைத் துணியால் இறுக அடைத்து, தரையில் தண்ணீர் தேக்குங்கள். இப்போது கீழே ஈரம் வந்தால் குழாயில் குறையில்லை, டைல்ஸ் இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. பழைய கிரௌட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு எப்பாக்ஸி கிரௌட் போட்டாலே பல வீடுகளில் தீர்ந்துவிடும். கிளாசெட்டையும் இதே போலத் தனியாக ஃப்ளஷ் செய்து பார்த்துவிடுங்கள்.

இந்தச் சோதனைக்குத் தனிக் கூலி கேளுங்கள். வேலை தொடங்கும் முன்பே தொகையைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். பத்து டைல்ஸ் மிச்சமாகிறது என்று தெரிந்த வீட்டுக்காரர் மறுக்கமாட்டார். வெறும் கைவேலைக்கு மட்டும் கூலி வாங்கிப் பழகினால் வருமானம் உயரவே உயராது.

கைவேலையும் சுத்தமாக இருக்க வேண்டும். டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே சுற்றுங்கள், எதிர்த் திசையில் சுற்றினால் பூட்டும்போதே பிரிந்து வரும். சிபிவிசி குழாயை நேராக வெட்டி, பிசிறை எடுத்து, சால்வென்ட் தடவிச் செருகியதும் கால் சுற்று திருப்பி அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். கையை உடனே எடுத்தால் குழாய் தானே பின்வாங்கும். சுடுதண்ணீர் லைனுக்குச் சாதாரண பிவிசி ஆகவே ஆகாது. கீஸரில் பூட்டும் இடத்தில் பித்தளை மரை வைத்த ஃபிட்டிங்தான் வேண்டும். கீஸரின் சேஃப்டி வால்வில் சொட்டுகிறது, அடைத்துவிடு என்று சிலர் சொல்வார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். அழுத்தம் வெளியேற வழியில்லாத கீஸர் வெடிக்கக்கூடும்.

பெரிய ஷவர் வாங்கப் போகிற வீட்டாரிடம் மொட்டைமாடித் தொட்டியின் உயரத்தை முதலில் கேளுங்கள். தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் நின்றால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். ஷவருக்கு 3 மீட்டர் மேலே தொட்டி இருந்தால் 0.3 பார்தான். பம்ப் இல்லாமல் அந்த ஷவர் பொழியாது என்று முன்பே சொன்னால், பிறகு பழி உங்கள்மேல் விழாது.

புது வேலையில் சுவரை மூடும் முன் பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள். டேப் அளவு தெரியும்படி லைன்களைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். பத்து வருடம் கழித்து அந்தச் சுவரில் துளை போட வருபவர் உங்களை வாழ்த்துவார்.

முறையாகக் கற்க ஐடிஐயில் பிளம்பர் பிரிவு உண்டு, ஓராண்டுப் படிப்பு. தமிழ்நாட்டு அரசு ஐடிஐகளில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் தருகிறார்கள். படிப்பு முடிந்ததும் நல்ல மேஸ்திரி ஒருவரிடம் சேர்ந்து, பழைய வீடுகளின் ரிப்பேர் வேலைகளைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். புதுக் கட்டடத்தில் மட்டும் வேலை செய்தவருக்குக் கசிவின் போக்கு பிடிபடாது.

கடைசியாக, உயிர் விஷயம். அடைப்பு எடுக்கப் போன இடத்தில், செப்டிக் டேங்குக்குள் கொஞ்சம் இறங்கிப் பார்க்கச் சொல்வார்கள். உள்ளே தேங்கியிருக்கும் விஷவாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். தூக்க இறங்குகிறவரும் கூடவே சாகிறார். பாதுகாப்பின்றி ஆளை உள்ளே இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எவ்வளவு கூலி தந்தாலும் இறங்காதீர்கள், உங்களோடு வரும் பையனையும் இறக்காதீர்கள். கழிவுநீர் லாரியை வரவழைக்கச் சொல்லுங்கள்.