பூந்தமல்லியில் ஒரு பாடம்: தன் வேலையைத் தானே செய்வது



பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கு. நம்மில் பல பேர் பஸ்ல அந்தப் பக்கம் போயிருப்போம். ‘பிரெயில் படிக்கிற பிள்ளைங்க’ன்னு மட்டும் நினைச்சிருப்போம். ஆனால் பார்வையற்ற பிள்ளைகளின் கல்வியில் பிரெயிலோடு இன்னும் இரண்டு முக்கியமான பாடங்கள் உண்டு: அன்றாட வாழ்க்கைத் திறன், நடமாட்டப் பயிற்சி. அவற்றில் நமக்கு என்ன இருக்குன்னு பார்ப்போம்.

1. தண்ணீர் ஊற்றுவது

டம்ளர் விளிம்புக்குள் ஒரு விரல் நுனியை வைத்துக்கொண்டு ஊற்றணும். தண்ணீர் விரலைத் தொட்டதும் நிறுத்தணும். முதல் நாள் சிந்தும், பத்தாவது நாளும் சிந்தலாம். ‘கொடு, நானே ஊத்துறேன்’னு ஆசிரியர் பிடுங்கிவிட்டால் அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் ஒரு டம்ளர் தண்ணிக்கு இன்னொருத்தரை எதிர்பார்க்கணும்.

2. பணத்தை அறிவது

இப்போதைய 100 ரூபாய் நோட்டின் நீளம் 142 மில்லிமீட்டர், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. வித்தியாசம் 4 மில்லிமீட்டர்தான். ஓரங்களில் தடவிப் பார்க்கச் சாய்ந்த கோடுகளும் உண்டு: 100-க்கு நான்கு, 200-க்கு நான்கு கோடும் நடுவில் இரண்டு வட்டமும், 500-க்கு ஐந்து. நோட்டு பழசானால் இவை தேய்ந்துபோகும். அப்போது ‘இது எவ்வளவுங்க?’ன்னு பக்கத்தில் நிற்பவரைக் கேட்க வேண்டிவரும். அங்கே அவருடைய திறமையோடு நம்ம நேர்மையும் சேர்ந்தால்தான் கணக்கு சரியாகும்.

3. வெள்ளைக் கோல்

இடது கால் முன்னே போகும்போது கோல் முனை வலது பக்கத் தரையைத் தொடும். வலது கால் போகும்போது இடது பக்கம். அடுத்த அடி விழப்போகும் இடத்தைக் கோல் முன்கூட்டியே பார்த்துவிடும். இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1944-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹூவர் வகுத்த முறை இது. குழி, படி, குறுக்கே நிறுத்திய பைக் எல்லாவற்றையும் இப்படித்தான் கண்டுபிடிக்கணும். அதனால நடைபாதையில் வண்டி நிறுத்தும்போது ஒரு நிமிஷம் யோசிங்க.

குணம் எங்கே வருது?

சிந்தினால் துடைப்பது பொறுமை. எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைப்பது ஒழுங்கு. இல்லாவிட்டால் அடுத்த முறை கிடைக்காது. எது தன்னால் முடியும், எதற்கு உதவி கேட்கணும்னு தெரிவது தன்மானம். இவை தனியாக நீதிபோதனை வகுப்பில் வந்தவை இல்லை, கையால் செய்த வேலையோடு வந்தவை.

நம்ம வீட்டைப் பாருங்க. அம்பத்தூரிலும் ஆவடியிலும் காலையில் ‘ஸ்கூல் வேன் வந்துடும்’னு அம்மாவே ஷூ மாட்டி, பை அடுக்கி, சாப்பாடும் ஊட்டிவிடுறாங்க. பாசம்தான், தப்பு சொல்லலை. ஆனால் பத்தாவது படிக்கிற தம்பிக்குத் தன் சட்டையைத் துவைக்கத் தெரியலைன்னா, அந்தப் பாசம் அவன்கிட்டேயிருந்து ஒன்றை எடுத்துக்கிச்சு.

இந்த வாரம் மூன்று வேலை

• சாப்பிட்ட தட்டை நாமளே கழுவுவோம்.

• வீட்டுச் சின்னப் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுத்து, அது முடிக்கிற வரை கையைக் கட்டிக்கிட்டு நிற்போம். சிந்தினாலும் திட்ட வேண்டாம்.

• பஸ் ஸ்டாண்டில் வெள்ளைக் கோலோடு ஒருவர் நின்றால் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். ‘உதவி வேணுமாங்க?’ன்னு முதலில் கேளுங்க. வேணும்னு சொன்னால் உங்க முழங்கையை நீட்டுங்க. அவர் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவார். வேண்டாம்னு சொன்னால் சிரிச்சுக்கிட்டே வழி விடுங்க.

உங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்க.

முருகா சரணம்.